சித்தப்புவும் பூக்காரியும்

டிஸ்கி: 1997ல வந்த ஒரு வீடியோ கேமோட கதையை, யார் சாகறாங்கங்கறது உட்பட, இங்க போட்டு உடைக்கப் போறேன். அதோட ரீமேக் கதையையும்தான். இனிமேதான் விளையாடணும்னு ஆசைப்படறவங்க இப்படியே அப்பீட் ஆயிடுங்க. கேம்னாலே காத தூரம் ஓடற மக்கள் தைரியமா உள்ள வரலாம்.

காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டுக்கு பேரு சித்தப்பு. வயசு என்னைவிட நாலு மாசம் கம்மி. ஆனா எதுக்கெடுத்தாலும் "அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிப்பான். பதினெட்டு வயசுக்காரனுக்கு ஏதுடா அந்தக் காலம்னு கேட்டா, "நான் பொறந்த வருஷம் வந்த கேம்டா, அப்போ என் காலம்தான்"னு லேப்டாப்பைத் திறப்பான். மதுரைக்காரன், குசும்புக்குக் கேட்கவா வேணும்.

அந்த கேம் ஃபைனல் ஃபேண்டஸி 7. ஜப்பான்ல ஸ்கொயர் கம்பெனி 1997 ஜனவரி 31ம் தேதி ப்ளேஸ்டேஷனுக்கு விட்டது. மூணு சிடி. எங்களுக்கு கிடைச்சது 2014ல, சீனியர் ஒருத்தரோட பென்டிரைவ்ல இருந்து. எமுலேட்டர் போட்டு விளையாடினோம். (எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டு யாரும் போலீஸைக் கூப்பிடாதீங்க, பிற்பாடு காசு குடுத்து மூணு தடவை வாங்கியாச்சு.)

முதல் தடவை பார்த்தப்போ எனக்கு சிரிப்புதான் வந்தது. நடமாடற ஆளுங்க எல்லாம் சதுரம் சதுரமா, கைக்கு விரலே கிடையாது, கட்டை வெச்ச மாதிரி இருக்கும். சண்டை வந்தா மட்டும் அதே ஆளுங்க கொஞ்சம் மனுஷ சாயலுக்கு வருவாங்க. ஆனா கதைன்னு ஒண்ணு இருந்தது பாருங்க. மிட்கார்னு ஒரு நகரம். மேல ஒரு பெரிய இரும்புத் தட்டு, அதுல பணக்காரங்க. தட்டுக்குக் கீழ வெயிலே படாத சேரி. ஷின்ரான்னு ஒரு கம்பெனி பூமியோட உயிரையே உறிஞ்சி கரண்டு தயாரிக்குது. அதை எதிர்க்கற கோஷ்டிக்கு கூலிக்கு சண்டை போட வர்றவன் க்ளவுட். தெருவுல பூ விக்கிற பொண்ணு ஏரித். அவளை ஏரிஸ்னு சொல்றதா ஏரித்னு சொல்றதான்னு தனியா ஒரு சண்டை உண்டு. முதல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல ஏரிஸ்னுதான் இருந்தது. சித்தப்பு சாகற வரைக்கும் ஏரிஸ்னுதான் சொல்லுவேன்னான்.

முதல் செமஸ்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சித்தப்புவோட அம்மா வந்திருந்தாங்க. ஒரு தூக்குல புளியோதரை, சம்படம் நிறைய முறுக்கு. ஹாஸ்டல்ல பெண்கள் மேல வரக்கூடாதுன்னு ரூல், ஆனா வார்டன் அன்னைக்கு ஊர்ல இல்லை. கட்டில்ல உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, "என்னடா பொம்மைக்கு விரலே காணோம்"னாங்க. அப்புறம், "இந்தப் புள்ள யாரு, கூடை வெச்சிருக்கு?"

"பூக்காரிம்மா."

"என்ன விலைக்கு விக்கிறா?"

கேம்ல ஒரு பூ ஒரே ஒரு கில். கில்ங்கறது அந்த ஊர் காசு. ஒரு ரூபான்னு வெச்சுக்கம்மான்னான் சித்தப்பு. "முகூர்த்த நாள்ல நம்ம ஊர்ல இந்தக் காசுக்கு காம்பு கூடக் கிடைக்காது. பாவம், பொழைக்கத் தெரியாத புள்ள"ன்னு சொல்லிட்டு எனக்கு இன்னொரு கரண்டி புளியோதரை வெச்சாங்க.

அதுக்கப்புறம் அம்மா ஃபோன் பண்ணா கடைசியில ஒரு கேள்வி உண்டு. "அந்தப் பூக்காரப் புள்ள என்னடா ஆச்சு?"

என்ன ஆச்சுன்னா, முதல் சிடி முடியற இடத்துல செத்துப் போயிடுவா. ஒரு பழைய நகரத்துல, தண்ணிக்கு நடுவுல ஒரு மேடையில மண்டி போட்டு பிரார்த்தனை பண்ணிட்டு இருப்பா. மேல இருந்து செஃபிராத் கத்தியோட இறங்குவான். அவ்வளவுதான். விளையாடறவன் செய்யறதுக்கு எதுவுமே கிடையாது. இந்த வகை கேம்ல சண்டையில யார் விழுந்தாலும் ஃபீனிக்ஸ் டௌன்னு ஒரு இறகு இருக்கும், போட்டா எந்திரிச்சுடுவாங்க. என் பையில அந்த இறகு இருபதுக்கு மேல இருந்தது. ஒண்ணைக் கூட அவளுக்குப் போட முடியாது. உடனே ஒரு சண்டை வரும், ஆனா சண்டைப் பாட்டு வராது, அவளோட பாட்டே ஓடிட்டு இருக்கும். அப்புறம் க்ளவுட் அவளைக் கையில ஏந்திட்டுப் போய் தண்ணிக்குள்ள மெதுவா விடுவான். அவ கீழ போயிட்டே இருப்பா.

ராத்திரி ரெண்டு மணி. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. அவளோட கடைசி லிமிட் பிரேக்கை வாங்கறதுக்காக நான் நாலு நாளா அலைஞ்சிருந்தேன், அதுவும் போச்சு. கேமோட ஆதி கர்த்தாக்கள்ல ஒருத்தரான சகாகுச்சி, தன்னோட அம்மா இறந்தது இந்தத் தொடரோட சாவு, உயிர்ங்கற யோசனைகளுக்கு ஒரு காரணம்னு சொல்லியிருக்கார். அதெல்லாம் பின்னாடி படிச்சது. அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அடுத்த சிடியில கூட்டத்துல ஒரு இடம் காலியா இருந்ததுதான்.

மறுநாள் அம்மா கேட்டதுக்கு சித்தப்பு, "நல்லா இருக்காம்மா"ன்னான்.

உலகம் பூரா இதே பாதிப்புதான் போல. அவளை உயிரோட கொண்டு வர ரகசிய வழி இருக்குன்னு அப்பவே ஏகப்பட்ட புரளி. இன்னாரைத் தோற்கடிச்சா வருவா, இத்தனை மணி நேரம் காத்திருந்தா வருவான்னு. மனுவெல்லாம் போட்டிருக்காங்க. எதுவும் நடக்கலை. அந்த ஆசை எல்லாம் சேர்ந்து இடம் மாறி, "ரீமேக் எப்போ?"ன்னு ஆயிடுச்சு. 2005 ஈ3 கண்காட்சியில ப்ளேஸ்டேஷன் 3 எப்படி இருக்கும்னு காட்டறதுக்காக இந்த கேமோட முதல் காட்சியைப் புதுசா செஞ்சு ஓட்டினாங்க. ஜனம் ரீமேக்னே முடிவு பண்ணிடுச்சு. ஆனா அது வெறும் டெமோ. 2014 டிசம்பர்ல மேடை ஏறி, ஏழாம் நம்பர் லோகோ போட்டு, எல்லாரும் சீட் நுனிக்கு வந்தப்போ, பழைய பிசி கேமை அப்படியே பிஎஸ்4க்கு கொண்டு வர்றோம்னாங்க. அவ்வ்வ்வ்.

நிஜ அறிவிப்பு 2015 ஜூன்ல வந்தது. இந்திய நேரத்துக்கு காலங்கார்த்தால. நாங்க செமஸ்டர் லீவுல வீட்ல இருந்தோம். ஃபோன் எடுத்தா சித்தப்பு, "மச்சி"ங்கறான், அப்புறம் மூச்சு விடற சத்தம் மட்டும்தான் வருது.

சந்தோஷம் ஒரு வாரம் கூட நிக்கலை, சண்டை ஆரம்பிச்சுடுச்சு.

அவன் கட்சி: ஒண்ணையும் மாத்தக்கூடாது. படத்தை மட்டும் நல்லா வரைஞ்சு குடு, கைக்கு விரல் வை, போதும். என் கட்சி: அதுக்கு எதுக்குடா ரீமேக், பழசுதான் அப்படியே இருக்கே, அதையே விளையாடு. நான் ரெசிடென்ட் ஈவில் மாதிரி கேமராவையே தூக்கிப் போட்டு மறுபடி யோசிக்கணும்னு சொல்ற ஆளு. (1998ல வந்த ரெசிடென்ட் ஈவில் 2ஐ 2019ல அப்படித்தான் பண்ணாங்க, நல்லாவே வந்தது. அதே நேரம் 2018ல ஷேடோ ஆஃப் த கொலாசஸை கல்லு கல்லா அப்படியே கட்டி எழுப்பினாங்க, அதுவும் நல்லா வந்தது. ஆக ரெண்டு பேருக்கும் சாட்சி இருந்தது.) சினிமாவுக்குப் போவோம். நான் சந்திரமுகின்னா அவன் பாபநாசம்பான். மணிச்சித்திரத்தாழைக் குழப்பினதுக்கு இன்னும் மன்னிக்கலைம்பான். பில்லாவுல வந்து நிக்கும். ரீமேக்கோட ரீமேக்னு ஆரம்பிச்சா விடிஞ்சுடும்.

டிசம்பர்ல இன்னொரு குண்டு போட்டாங்க. ஒரே கேமா வராது, பல பாகமா வரும்னு. அதுவரைக்கும் எதிரெதிர் கட்சியா இருந்தவன் எல்லாம் அன்னைக்கு ஒரே கட்சி. துட்டு பார்க்கறானுங்கன்னு. எனக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். 1997ல ஒரு தெருன்னா ஒரு படம். அதுமேல பொம்மை நடக்கும். அதே தெருவை மூணு பரிமாணத்துல, கிட்டப் போய் சுவத்தைப் பார்க்கற மாதிரி கட்டணும்னா எத்தனை பேர் எத்தனை வருஷம் உட்காரணும்? பழைய கேம்ல மிட்காரை அஞ்சாறு மணி நேரத்துல கடந்துடலாம். வாசலைத் தாண்டினா ஒரு பெரிய உலகம் விரியும். அதுதான் முதல் சிலிர்ப்பு. ரீமேக்கோட முதல் பாகம் மிட்காரை விட்டு வெளியவே வராதோன்னு சந்தேகம் வந்தப்போ சித்தப்பு ரெண்டு நாள் மெஸ்ஸுக்கு வரலை.

பிறகு ரெண்டு பேரும் பொட்டி தட்ட வந்தாச்சு. அவன் பெங்களூர், நான் சென்னை. இங்கதான் எனக்கு அவன் கட்சி கொஞ்சம் புரிய ஆரம்பிச்சது. ஒரு பழைய அப்ளிகேஷனைப் புதுசா எழுதற ப்ராஜெக்ட்ல என்னைப் போட்டாங்க. ஒரு ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி நாப்பது செகண்ட் சுத்திட்டு இருக்கும். உயிரைக் குடுத்து ரெண்டு செகண்டுக்குக் கொண்டு வந்தோம். இருபது வருஷமா அதைப் பயன்படுத்தற ஒரு அம்மா மெயில் அனுப்பினாங்க, இது சரியா கணக்கு போடுதான்னு சந்தேகமா இருக்கு, யோசிக்கவே மாட்டேங்குதேன்னு. டேமேஜர் சிரிச்சார். எனக்கு சிரிப்பு வரலை. இந்த கேம்ல நைட்ஸ் ஆஃப் த ரவுண்டுன்னு ஒரு மந்திரம் இருக்கு. போட்டா பதிமூணு வீரர்கள் ஒவ்வொருத்தரா வந்து வெட்டிட்டுப் போவாங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடும், தாண்டி விட வழியே கிடையாது. எந்த டிசைனரைக் கேட்டாலும் தப்புன்னுதான் சொல்லுவான். ஆனா நாங்க அந்த நேரத்துலதான் தண்ணி பிடிச்சுட்டு வருவோம், முறுக்கு எடுப்போம். எது கேமோட குறை, எது எங்க ஹாஸ்டல் வாழ்க்கைன்னு பிரிச்சு எழுதிக்குடுன்னு கேட்டா எந்த ரசிகனாலயும் முடியாது. ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் முழுக்க ஞாபகத்துல இருக்கற க்ளையன்ட் மாதிரி. இதுல மாட்டின கம்பெனி பாவம்தான்.

2020 ஏப்ரல் 10. முதல் பாகம் வந்தது. ஊரே பூட்டிக் கிடந்த சமயம். ரெண்டு பேரும் ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவங்கவங்க ரூம்ல விளையாடினோம். அஞ்சாறு மணி நேர மிட்கார் முப்பது நாப்பது மணி நேரமா ஆகியிருந்தது. சண்டையை நான் கேட்ட மாதிரியே மாத்தியிருந்தாங்க. ஓடி ஓடி அடிக்கலாம், ஆனா பழைய ஏடிபி பட்டை நிறைஞ்சாதான் மந்திரம், பொருள் எல்லாம். தேர்ந்தெடுக்கும்போது உலகமே மெதுவாகும். எனக்கு ரொம்பப் பிடிச்சது. சித்தப்பு கூட ஒத்துக்கிட்டான். க்ளவுட் தங்கற குடியிருப்போட கதவு ஒண்ணு மட்டும் தண்ணியில நனைஞ்ச போட்டோ மாதிரி மங்கலா இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து இந்தக் கதவாடான்னு உலகம் பூரா ஓட்டித் தள்ளினாங்க. மறு வருஷம் பிஎஸ்5 பதிப்புல சரி பண்ணிட்டாங்க.

பிரச்சினை கதையில. சாம்பல் கலர்ல, முக்காடு போட்ட பேய்க்கூட்டம் ஒண்ணு புதுசா வந்தது. விஸ்பர்ஸ்னு பேரு. கதை பழைய பாதையை விட்டு விலகினா வந்து இழுத்துப் பிடிச்சு பழைய பாதையில விடறதுதான் அதுங்க வேலை. சாகக் கூடாதவன் செத்தா எழுப்பி விடும். பேரட்டைக் கத்தியால குத்தினதும் இதுங்கதான் வந்து பிழைக்க வைக்கும். கடைசியில, நாமளே அந்தப் பேய்க்கூட்டத்தோட சண்டை போட்டு அதை அழிக்கணும். அழிச்சா விதி உடையும், இனிமே கதை எப்படி வேணா போகும்.

ஃபோன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சித்தப்பு சொன்னான், "மச்சி, நம்மளை வில்லனாக்கிட்டாங்கடா."

"நம்மளை இல்ல, உன்னை"ன்னேன் நான். "மாத்தாதே மாத்தாதேன்னு கத்தினது நீதானே? நீதான்டா அந்த விஸ்பர்."

ரொம்ப நாள் அந்தப் பேரை வெச்சே ஓட்டினேன். அவனும் பதிலுக்கு ஓட்டினான். விதி உடைஞ்சா அடுத்த பாகத்துல ஏரிஸ் பிழைச்சுடுவாளா மாட்டாளாங்கறதுதான் அப்ப பெரிய பந்தயம். பிழைக்கணும்னு நான். பிழைச்சா நான் விளையாடற கடைசி கேம் இதுதான்னு அவன். "அவ செத்ததாலதான்டா அது கதை. பிழைக்க வெச்சா எல்லாத்தையும் காமெடியாக்கற மாதிரி"ன்னான். நியாயமா பார்த்தா அவன் சொன்னது சரிதான். எனக்கு ஜெயிக்கணும்.

2021 மே மாசம், ரெண்டாவது அலையில, அவன் அம்மா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்து ஆறாவது நாள். இவன் பெங்களூர்ல இருந்து போய்ச் சேர்ந்தப்போ எல்லாம் பையில கட்டி வண்டியில ஏத்தியாச்சு. கிட்ட விடலை. அப்போ எல்லாருக்கும் அதுதான் விதிமுறை. தூரத்துல நின்னு பார்த்துட்டு, சாயங்காலம் ஒரு சின்னப் பானையில வாங்கிட்டு வந்தான். நான் போக முடியலை. ஃபோன்ல என்ன பேசறதுன்னு தெரியாம, சாப்பிட்டியாடான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னான். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் நாங்க கேமைப் பத்திப் பேசிக்கவே இல்லை.

ரெண்டாம் பாகம், ரீபர்த், 2024 பிப்ரவரி 29ம் தேதி வந்தது. நான் வாங்கியிருக்கேன்னு மெசேஜ் போட்டேன், வேற ஒண்ணும் எழுதலை. "கடைசி அத்தியாயத்தை நான் வர்ற வரைக்கும் தொடாதே"ன்னு பதில் வந்தது. ஒரு மாசம் ஆணிக்கு நடுவுல ஊர் ஊரா சுத்தி, டவர் டவரா ஏறி (இது ஒரு வியாதி, எந்தப் புது கேமைத் திறந்தாலும் டவர் ஏறச் சொல்றானுங்க), சீட்டாட்டம் ஆடி, அந்தக் காட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்திட்டுக் காத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பு வந்தான். இளைச்சிருந்தான். கன்ட்ரோலரை அவன்கிட்டயே குடுத்துட்டேன்.

அதே மேடை. அதே மாதிரி மண்டி போட்டிருக்கா. இப்போ விரல் இருக்கு, ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது. செஃபிராத் இறங்கறான். க்ளவுட் தன் கத்தியால அந்தக் கத்தியைத் தட்டி விடறான்! நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அடுத்த நொடி படம் விட்டு விட்டு வருது, பழைய டிவியில புள்ளி ஓடற மாதிரி. இப்படிப் பார்த்தா ரத்தம், அப்படிப் பார்த்தா ரத்தம் இல்லை. மடியில கிடக்கறவ கண்ணைத் திறக்கிறா. கூட வந்தவங்க எல்லாம் அழறாங்க, க்ளவுட் மட்டும் அழலை. அவன் கண்ணுக்கு அவ உயிரோட நிக்கிறா, பேசறா. மத்தவங்களுக்குத் தெரியலை. நடுவுல கட்டம் கட்டமா ரொம்ப நீளமான ஒரு சண்டை. எல்லாம் முடிஞ்சு, ஏரிக்கரையில எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. விமானத்துல ஏறிக் கிளம்பறாங்க. முடிஞ்சுடுச்சு.

சித்தப்பு கன்ட்ரோலரைக் கீழ வைக்காம உட்கார்ந்திருந்தான். பேரு எல்லாம் ஓடி முடியற வரைக்கும்.

"தண்ணியில விடற சீன் எங்கடா?"

அப்பதான் எனக்கே உறைச்சது. அதைக் காட்டவே இல்லை. நான் எஞ்சினியர் மூளையை வெச்சுக்கிட்டு விளக்க ஆரம்பிச்சேன். க்ளவுடோட மனசு அவ சாவை ஏத்துக்கலை, நாம அவன் கண்ணு வழியா பார்க்கறோம், அதனால அவனுக்கு அடக்கம்னு ஒண்ணு நடக்கவே இல்லை, ரொம்ப புத்திசாலித்தனமா எழுதியிருக்காங்க, மூணாவது பாகத்துக்கு வெச்சிருப்பாங்க, அப்படி இப்படின்னு. இப்பவும் அது சரியான விளக்கம்தான்னு நினைக்கிறேன். இதை எழுதற வரைக்கும் மூணாவது பாகம் வரலை.

"க்ளவுடுக்குத் தெரியலை, சரி"ன்னான். "எனக்குக் காட்டலாம்ல?"

நான் வாயை மூடினேன்.

"பிழைச்சாலும் பரவால்லைன்னுதான்டா வந்தேன். பந்தயத்துல நீ ஜெயிச்சாலும் பரவால்லைன்னு. செத்தாலும் சரி. ரெண்டும் இல்லாம இப்படி..." அதோட நிறுத்திட்டான். அவன் கை, அந்தத் தண்ணியில விடற மாதிரி, முன்னால நீட்டினபடியே இருந்தது. கவனிச்சதும் கன்ட்ரோலரை வெச்சான்.

கீழ போய் சைக்கிள் டீக்காரர்கிட்ட டீ குடிச்சோம். மணி ரெண்டரை இருக்கும். பத்து வருஷமா இவன் ஏன் ஒண்ணையும் மாத்தாதேன்னு சொல்றான்னு நான் ஒரு தடவை கூட கேட்டதில்லை. அப்போ அதுக்கு ஒரு காரணமும் இல்லாமக் கூட இருந்திருக்கலாம். காரணம் பின்னாடி வந்து சேர்ந்திருக்கலாம். விஸ்பர்னு கூப்பிட்டதுக்கு சாரிடான்னேன். "போடா, அது நல்ல பேருதான்"னான்.

மேல வந்து என் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். 2014ல் இருந்து எதையும் அழிக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. எமுலேட்டர் ஃபோல்டர் அப்படியே இருந்தது, அஞ்சாவது ஸ்லாட்ல, அந்த மேடைக்கு ரெண்டு அடி முன்னாடி நிறுத்தி வெச்ச ஒரு சேவும் இருந்தது. லோடு பண்ணிக் குடுத்தேன். சதுரத் தலை, கட்டைக் கை. என்னோட லேப்டாப்ல படம் இன்னும் மோசமா, புள்ளி புள்ளியா தெரிஞ்சது. கத்தி இறங்குச்சு. வெள்ளைக் குண்டு படியில துள்ளித் துள்ளி தண்ணியில விழுந்தது. பாட்டு மாறாம சண்டை. க்ளவுட் அவளைத் தூக்கிட்டுப் போய் தண்ணியில விட்டான். அவ கீழ போயிட்டே இருந்தா.

சித்தப்பு முழுசாப் பார்த்தான். முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டு, "அம்மாகிட்ட கடைசி வரைக்கும் இது நல்லா இருக்குன்னே சொல்லிட்டு இருந்தேன்டா"ன்னான். அப்புறம் போர்வையை இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கிட்டான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரயில் ஏத்தி விட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கேட்காமலே பையில போட்டுட்டுப் போயிருக்கான். அதுல என் காலேஜ் ப்ராஜெக்ட், தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் இருக்கு. இன்னும் திருப்பித் தரலை.